பவளத் தொட்டியில் கால்சியமும் கே.எச்.சும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சுண்ணாம்புக் கணக்கு

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து மூன்று நான்கு மாதம் போனால், பின்பக்கக் கண்ணாடியில் மிளகு அளவில் ஊதாப் புள்ளிகள் வரும். நகத்தால் சுரண்டினால் வராது. கோரலைன் பாசி. அதைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பாதவர் கிடையாது, நானும் அனுப்பினேன். அந்தப் புள்ளிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது அப்போது தெரியாது. அந்தப் பாசி தன் உடம்பைச் சுண்ணாம்பால் கட்டுகிறது. அது வந்த நாளிலிருந்து தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைய ஆரம்பிக்கிறது. அதை ஈடு கட்ட வேண்டியது நம் வேலை.

புதுச்சேரியிலும் கடலூரிலும் 100 முதல் 200 லிட்டர் வரை தொட்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் செலவாகும் டோசிங் பம்ப், கால்சியம் ரியாக்டர் எதுவும் இதில் வராது. ஒரு சோதனைக் கிட், ஒரு சின்னத் தராசு, சமையல் சோடா, இன்னும் இரண்டு மூன்று பொடிகள். இவ்வளவுதான்.

அதற்கு முன் சட்டம். கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறையையே வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஆகவே ராமேஸ்வரம் பக்கம் போய்வந்தவர் "அங்கே ஒதுங்கிக் கிடந்துச்சுப்பா" என்று ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள், அது செத்த துண்டாக இருந்தாலும் சரி. என் தொட்டியில் இருப்பவை தோல் பவளம், காளான் பவளம், சோயாந்தஸ் போன்ற மென்மையான வகைகள், நத்தைகள், பிறகு கண்ணாடி முழுக்கக் கோரலைன். பாறைகூடச் செயற்கைப் பாறைதான். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது

பவளமும் கோரலைனும் தண்ணீரிலிருந்து இரண்டு பொருளை எடுத்துக்கொள்கின்றன. ஒன்று கால்சியம். இன்னொன்று பைகார்பனேட். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். போர் தண்ணீரை தினமும் காய்ச்சும் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சரக்கு.

அந்தப் பைகார்பனேட் கையிருப்பைத்தான் ஆல்கலினிட்டி என்கிறோம். தொட்டிக்காரர்கள் பேச்சில் அது கே.எச்.; அளக்கும் அலகு டி.கே.எச். சில கிட்கள் பி.பி.எம். கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும். அந்த எண்ணை 17.9 ஆல் வகுத்தால் டி.கே.எச். வந்துவிடும். இதையும் பி.எச்.சையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழில் இரண்டையுமே காரத்தன்மை என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. பி.எச். என்பது இந்த நிமிடம் தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா, எவ்வளவு என்பது. விளக்கு எரிந்தால் ஏறும், அணைந்தால் இறங்கும். கே.எச். என்பது பெட்டியில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பது.

இயற்கையான கடல் நீரில் கால்சியம் சுமார் 410 பி.பி.எம்., கே.எச். சுமார் 7, மெக்னீசியம் சுமார் 1290 பி.பி.எம். தொட்டியில் கால்சியம் 400 முதல் 440, கே.எச். 7.5 முதல் 8.5, மெக்னீசியம் 1250 முதல் 1350 என்று வைத்துக்கொண்டால் போதும். கே.எச். 11, 12 வரை வைத்து வேகமாக வளர்ப்பவர்களும் உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாத வேலை. உயரத்தில் வைத்தால் சறுக்கும்போது விழுகிற தூரமும் அதிகம்.

இரண்டும் ஒரே விகிதத்தில்தான் செலவாகின்றன. கே.எச். 1 குறைந்தால் கால்சியம் சுமார் 7 பி.பி.எம். குறைந்திருக்கும். முதலில் படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரியும். கொஞ்சம் நின்று பாருங்கள். கே.எச். 8-இல் 1 போனால் எட்டில் ஒரு பங்கு போச்சு. கால்சியம் 420-இல் 7 போனால் அறுபதில் ஒரு பங்கு. கால்சியம் வீட்டில் இருக்கும் அரிசி மூட்டை மாதிரி, ஒரு வாரம் வாங்காவிட்டாலும் தெரியாது. கே.எச். காலைப் பால் மாதிரி, ஒரு நாள் வராவிட்டால் வீடே எழுந்துவிடும். அதனால்தான் நான் கே.எச்.சை வாரம் இரண்டு முறையும் கால்சியத்தைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையும் மெக்னீசியத்தை மாதம் ஒரு முறையும் அளக்கிறேன். கடையில் "கால்சியம் மட்டும் ஊத்துங்க, பவளத்துக்கு அதான் சத்து" என்று ஒரு பாட்டிலைக் கொடுப்பார்கள். பாட்டில் கெட்டதில்லை, அந்த "மட்டும்"தான் கெட்டது.

முதலில் உப்பு

கால்சியம் குறைவாகக் காட்டுகிறது என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குக் கால்சியம் குறைவதே இல்லை, உப்புதான் குறைவு. உப்பு அடர்த்தி 1.026 இருக்க வேண்டிய தொட்டியில் 1.020 இருந்தால் கால்சியம் தானாகவே 320 பக்கம்தான் காட்டும், மெக்னீசியம் 1000 பக்கம் நிற்கும். அதன் மேல் பொடியைக் கொட்டினால் விகிதமே கெட்டுவிடும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டிவிட்டது என்பதால் மேலேயும் சரியாகக் காட்டும் என்று அர்த்தம் இல்லை.

ஆர்.ஓ. என்றதும் இன்னொன்று. நம் ஊர்களில் போர் தண்ணீர் கடினமானது, கடலை ஒட்டிய தெருக்களில் உப்பும் ஏறியிருக்கும். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு ஒன்று உண்டு, டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்பார்கள். தொட்டிக்குப் பிடிக்கும்போது அதை முழுக்க மூடிவிடுங்கள். முடிந்தால் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துவிடும் டி.ஐ. குப்பி ஒன்றும் மாட்டுங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 5-க்குக் கீழே காட்டினால் நல்லது.

"கடல் பத்து நிமிட நடையில் இருக்கிறதே, அங்கேயே எடுத்தால் என்ன?" எல்லோரும் கேட்பார்கள். எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கரையோரத் தண்ணீர் எல்லா மாதமும் ஒரே தண்ணீர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணையும் கெடிலமும் சுண்ணாம்பாறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கடலில் கொட்டும்போது கரையில் உப்பும் இறங்கும், கூடவே கால்சியமும் கே.எச்.சும் இறங்கும். முகத்துவாரம், துறைமுகம், தொழிற்பேட்டையை ஒட்டிய உப்பனாற்றுப் பக்கம் எந்த மாதத்திலும் வேண்டாம். நான் உப்புப் பொடி கலந்தே செய்கிறேன். எழுதிய அளவில் கலந்தால் எழுதிய எண் வருகிறது, அந்த நிம்மதிக்காக.

அளப்பது

கே.எச். கிட்டில் ஊசியால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குப்பியைச் சுழற்ற வேண்டும். சாலிஃபெர்ட் கிட்டில் நீலப்பச்சை, இளஞ்சிவப்பாக மாறும் இடம் முடிவு. கால்சியம் கிட்டில் இளஞ்சிவப்பு, தெளிவான நீலமாக மாற வேண்டும். நடுவில் ஒரு மங்கலான ஊதா வரும். அங்கே நிறுத்தியவர்கள்தான் தினம் ஒரு எண் சொல்வார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் இல்லாமல் ஜன்னல் பக்கம் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். தொட்டியின் நீல விளக்கடியில் பார்த்தால் எல்லாமே நீலம்தான். ஹன்னா மாதிரி மின்னணுக் கருவி வைத்திருந்தால் இந்தக் கண் வேலை மிச்சம். ஆனால் குப்பியில் விரல் ரேகை இருந்தால் அதுவும் தப்பாகவே சொல்லும்.

கிட் சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். 3 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து, மேலும் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு ஒரு லிட்டர் ஆக்குங்கள். அந்தத் தண்ணீரின் கே.எச். 10. உங்கள் கிட் 9.5 முதல் 10.5-க்குள் சொன்னால் நம்பலாம். 12 என்றால் கிட்டின் தேதியைப் பாருங்கள். கண்ணாடி பீரோவில் வெயில் பட வைத்திருந்த கிட் ஒன்று எனக்கு ஒரு மாதம் பொய் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

மொத்த வேலையும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது. யாரோ சொன்ன "வாரம் ஒரு மூடி" கணக்கு உங்கள் தொட்டிக்கு ஆகாது. உங்கள் தொட்டிதான் சொல்ல வேண்டும்.

நான்கு நாள் எதையும் ஊற்றாமல், தண்ணீர் மாற்றாமல் இருங்கள். வற்றியதை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். முதல் நாள் மாலை ஏழு மணிக்கு கே.எச். அளந்து எழுதுங்கள். ஐந்தாம் நாள் அதே ஏழு மணிக்கு அளங்கள். என் தொட்டியில் ஒரு சமயம் 8.4 இருந்தது 7.2 ஆனது. நாலு நாளில் 1.2, ஆகவே நாளுக்கு 0.3.

தொட்டியின் கொள்ளளவு அல்ல, அதில் உண்மையில் நிற்கும் தண்ணீர்தான் கணக்கு. என் தொட்டி 150 லிட்டர் என்று பெயர். மணல், பாறை, மேலே விட்ட இடைவெளி போக 120 லிட்டர். முதல் தடவை நிரப்பும்போது வாளியை எண்ணியவர்கள் பாக்கியவான்கள். எண்ணாதவர்கள் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

"வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும், எதுவும் ஊற்ற வேண்டாம்" என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டால் அது சில தொட்டிகளுக்குத்தான் பொருந்துகிறது. புதிதாகக் கலந்த தண்ணீரில் கே.எச். 11, தொட்டியில் 8 என்றால், பத்தில் ஒரு பங்கு மாற்றும்போது ஏறுவது 0.3. வாரத்துக்கே அவ்வளவுதான். ஒன்றிரண்டு காளான் பவளமும் கொஞ்சம் கோரலைனும் உள்ள புதுத் தொட்டியில் வார இழப்பு அதற்குள் இருந்தால் நல்லது, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மீனைப் பாருங்கள். என் தொட்டியில் வாரத்துக்கு 2.1 போகிறது. தண்ணீர் மாற்றி ஈடு கட்ட முடியாது.

இரண்டு பாட்டில் வழி

நான் புதியவர்களுக்குச் சொல்வது இதைத்தான்.

முதல் பாட்டில்: 78 கிராம் சமையல் சோடா, ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒரு லிட்டர். ஆப்ப சோடா, சோடா உப்பு என்று மளிகைக் கடையில் கேட்பது இதுதான், சோடியம் பைகார்பனேட். பாக்கெட்டில் வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது. பேக்கிங் பவுடர் ஆகாது, அதில் புளிப்பு உப்பும் மாவும் இருக்கும். சலவை சோடாவும் இந்தக் கணக்குக்கு ஆகாது.

இரண்டாம் பாட்டில்: 68 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், அதேபோல மொத்தம் ஒரு லிட்டர். பாக்கெட்டில் "டைஹைட்ரேட்" என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீரற்ற வகை கிடைத்தால் 51 கிராம் போதும். எதுவானாலும் தண்ணீரில் பொடியைப் போடுங்கள், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கரையும்போது பாத்திரம் சுடும். பனீர் செய்பவர்களுக்கு விற்கும் உணவுத் தரச் சரக்கோ, ஆய்வகத் தரமோ வாங்குங்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு இந்தப் பொடி ஒரு விநோதம் செய்யும். மூடியைச் சரியாக மூடாமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் கருப்பட்டிப் பாகு மாதிரி கசிந்து நிற்கும். ஈரம் குடித்த பொடியை நிறுத்தால் பாதி எடை தண்ணீராக இருக்கும், கணக்கு தப்பும். வாங்கிய அன்றே முழுவதையும் கரைத்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இந்த இரண்டு பாட்டிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி போட்ட அளவு. அதனால் எவ்வளவு சோடா ஊற்றுகிறீர்களோ அவ்வளவே கால்சியமும் ஊற்ற வேண்டும். 100 லிட்டர் தண்ணீரில் கே.எச். 1 ஏற 3 கிராம் சோடா வேண்டும். என் 120 லிட்டருக்கு நாளுக்கு 0.3 என்றால் 1.08 கிராம், கரைசலில் 14 மில்லி. ஆகவே காலையில் சோடா 14 மில்லி, இரவில் கால்சியம் 14 மில்லி. இருமல் மருந்து ஊற்றும் சிரிஞ்ச் போதும்.

ஊற்றும் இடம் முக்கியம். பம்ப்பிலிருந்து தண்ணீர் வேகமாக வெளியேறும் இடத்தில், மெதுவாக. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால் தொட்டிக்குள் ஒரு பால் மேகம் எழும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ஊற்றிய சத்து அத்தனையும் பவளத்துக்குப் போகாமல் சுண்ணாம்புத் தூளாக விழுகிறது என்று அர்த்தம். குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள். நான் காலை, இரவு என்றே பிரித்துவிட்டேன்.

ஒரு வாரம் ஊற்றி மறுபடி அளங்கள். 8-லேயே நின்றால் சரி. 8.3 ஆகிவிட்டால் அளவைக் கொஞ்சம் குறையுங்கள், 7.7 என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். எண் சரியாக வந்த பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நாலு நாள் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பவளம் வளர வளரச் செலவும் வளரும்.

சுண்ணாம்பு நீர் வழி, நான் செய்த கூத்தும்

ஜெர்மன்காரர்கள் "கால்க்வாசர்" என்கிறார்கள். பெரிய மந்திரம் மாதிரி இருக்கிறது இல்லையா? நேர் பொருள் சுண்ணாம்பு நீர். வெற்றிலைக்குத் தடவுகிற நீற்றிய சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. கடலூர் முதுநகரில் என் ஆயா அதைத் தகர டப்பாவில் வைத்திருப்பார். ஆனால் அந்த டப்பாவில் கையை வைக்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பிலும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. உணவுத் தரமோ ஆய்வகத் தரமோதான் தொட்டிக்கு.

இதன் அழகு, ஒரே பொடியில் கால்சியமும் கே.எச்.சும் சரியான விகிதத்தில் கிடைக்கின்றன. பி.எச்.சும் கொஞ்சம் ஏறும். மூடிய அறையில் ஏ.சி. போட்டுத் தூங்குபவர்கள் வீட்டுத் தொட்டியில் இரவு பி.எச். சரிந்துவிடும், அங்கே இது நல்ல துணை.

ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 1.5 கிராம். அதற்கு மேல் போட்டாலும் கரையாது, அடியில் தங்கும். மூடியுள்ள கேனில் நன்றாகக் குலுக்கி, ராத்திரி முழுக்க தெளிய விடுங்கள். மேலே கண்ணாடித் தாள் மாதிரி ஒரு ஏடு படியும். அது காற்றுப் பட்டதால் வந்தது. ஏட்டையும் அடிவண்டலையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தெளிவின் பி.எச். 12-க்கு மேல். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் கேனை உயரத்தில் வையுங்கள், பார்க்கச் சாதாரணத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

என் தொட்டிக்கு நாளுக்கு 0.3 ஈடுகட்ட இந்தத் தெளிவு சுமார் 315 மில்லி வேண்டும். மொத்தமாக ஊற்றக்கூடாது, சொட்ட விட வேண்டும். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் செட்டைவிட மலிவான கருவி கிடையாது. ஊசியை வெட்டி எறிந்துவிட்டு, குழாயையும் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளையையும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 20 சொட்டு என்று உருளையைத் திருகி வைத்தால் 315 மில்லி ஐந்தே கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். விளக்கை அணைத்த பிறகு தொடங்குங்கள். நெஞ்சு படபடக்கும் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு எண்ணும் உறவினர் மாதிரி முதல் நாள் நீங்களும் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பழகிவிடும்.

இனி கூத்து. மார்கழியில் என் தொட்டியில் நாளுக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது மில்லிதான் வற்றும். வேண்டிய சுண்ணாம்பு நீரும் அதே அளவு. கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று, நீர் மட்டம் குறைந்தால் தானாக நிரப்பும் பம்ப்பைச் சுண்ணாம்பு நீர்க் கேனிலேயே விட்டுவிட்டேன். தை, மாசி, பங்குனி பிரச்சினை இல்லை. அக்னி நட்சத்திரம் வந்தது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறதே என்று மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு சின்ன ஃபேன் மாட்டினேன். அடுத்த நாளே ஒரு கல்யாணத்துக்காகக் கடலூர் போய்விட்டேன்.

ஃபேன் காற்றில் நாளுக்கு இரண்டரை லிட்டர் வற்றியிருக்கிறது. பம்ப்புக்கு என்ன தெரியும்? இரண்டரை லிட்டர் சுண்ணாம்பு நீரை ஊற்றியிருக்கிறது. கே.எச். கணக்கில் நாளுக்கு 2.4. மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் தொட்டி நீர்மோர் மாதிரி இருந்தது. தோல் பவளம் கைக்குட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. மோட்டாரில் வெள்ளைப் பாறை ஏறி, உள்ளே காந்தச் சக்கரம் முனகிக்கொண்டே நின்றது. ஆயா சொல்வார், வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வேகும் என்று. தொட்டி வெந்து கிடந்தது.

அளந்தேன். கே.எச். 14, 15 என்று எதிர்பார்த்தேன். 5.6 காட்டியது. கிட் கெட்டுவிட்டதோ என்று சோடாக் கரைசலில் சரிபார்த்தேன், கிட் சரிதான். அளவு மீறியதும் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து தூளாக விழுந்துவிட்டன. விழுந்தது போக மிச்சம்தான் அந்த 5.6. இந்த இடத்தில் புதியவர்கள் பதறிச் சோடாவை அள்ளிப் போடுவார்கள், மறுபடி மோர்தான் வரும். நான் சுண்ணாம்பு பம்ப்பைப் பிடுங்கினேன், ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பிறகு சோடாக் கரைசலால் நாளுக்கு 0.5 வீதம் ஏற்றினேன். தோல் பவளம் தலை தூக்கப் பத்து நாள் ஆனது.

ஆகவே வற்றும் அளவையும் சுண்ணாம்பு அளவையும் ஒன்றோடொன்று கட்டாதீர்கள். வற்றுவதற்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கேனில். சுண்ணாம்பு நீர் தனியாக, அளந்து, சொட்டுச் சொட்டாக. நம் ஊரில் சித்திரைக்கும் கார்த்திகைக்கும் வற்றுவதில் அத்தனை வித்தியாசம்.

எண்கள் தப்பினால்

கே.எச். குறைவு, கால்சியம் சரி என்றால் சோடா மட்டும். கால்சியம் குறைவு, கே.எச். சரி என்றால் கால்சியம் குளோரைடு மட்டும். 100 லிட்டரில் 10 பி.பி.எம். ஏற்ற டைஹைட்ரேட் 3.7 கிராம். இரண்டும் அதிகம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், தானாக இறங்கும். இரண்டும் குறைவு என்றால் முதலில் உப்பு.

எவ்வளவு ஊற்றினாலும் இரண்டும் நிற்கவே மாட்டேன் என்கிறதா? மெக்னீசியத்தை அளங்கள். சுண்ணாம்புப் படிகம் வளர ஆரம்பித்தால் மெக்னீசியம் அதன் மேல் ஒட்டிக்கொண்டு மேலும் வளர விடாமல் தடுக்கும். அது 1100-க்குக் கீழே போனால் தடுக்க ஆள் இல்லை, நீங்கள் ஊற்றுவது ஹீட்டர் மேலும் மோட்டார் மேலும் படியும். 100 லிட்டரில் 10 பி.பி.எம். ஏற்ற மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 8.4 கிராம் வேண்டும். நாளுக்கு 50 பி.பி.எம்.முக்கு மேல் ஏற்ற வேண்டாம். கே.எச். நாளுக்கு 0.5, கால்சியம் நாளுக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாக இறங்கியதை ஒரு நாளில் ஏற்ற வேண்டிய அவசியம் எந்தப் பவளத்துக்கும் இல்லை.

மின்வெட்டு நம் பக்கத்துக்குப் புதிது அல்ல. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். புயல் எச்சரிக்கை வந்ததும் சிரிஞ்சையும் சொட்டுக் குழாயையும் எடுத்து வைத்துவிடுங்கள். பம்ப் ஓடாத தண்ணீரில் ஊற்றினால் கரைசல் கனமாக அடியில் போய் அங்கேயே படியும். விளக்கு இல்லாத நாட்களில் பவளமும் அதிகம் சுண்ணாம்பு எடுக்காது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று மட்டும் ஓடினால் போதும். மின்சாரம் வந்து ஒரு நாள் கழித்து கே.எச். அளந்துவிட்டு, எண்ணைப் பார்த்துத் தொடங்குங்கள்.

எல்லாம் சரியாக நடந்தாலும் மோட்டாரில் கொஞ்சம் வெள்ளை ஏறத்தான் செய்யும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிக் கழற்றி, ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர் கலந்த பக்கெட்டில் ஒரு மணி நேரம் போடுங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைக்கும். நுரை அடங்கியதும் பழைய டூத் பிரஷ்ஷால் காந்தச் சக்கரத்தின் இடுக்கைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி மாட்டுங்கள். அடுத்து கழற்ற வேண்டிய தேதியை மோட்டார் பிளக்கிலேயே ஒரு காகிதத் துண்டில் எழுதி ஒட்டிவிடுவேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் நோட்டைத் தேட வேண்டியிருக்கிறது.